‘இன்றைக்கு நீ ஆட வேண்டாம்’: அமெரிக்கப் பள்ளி விளையாட்டில் அத்லெட்டிக் டிரெய்னரின் வேலை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவ மாணவியர் பள்ளி அணிகளில் விளையாடுகிறார்கள். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு எடுக்கும் கணக்கு இது. (ஒரே பிள்ளை இலையுதிர் காலத்தில் சாக்கரும் (நாம் கால்பந்து என்பது) குளிர்காலத்தில் கூடைப்பந்தும் ஆடினால் இரண்டு பேராக எண்ணிவிடுவார்கள். ஆகவே உண்மையான தலைக்கணக்கு இதைவிடக் குறைவு.) இவர்களில் ஒருவர் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், மைதானத்துக்குள் முதலில் ஓடுபவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, ஆம்புலன்ஸ் ஊழியரும் அல்ல. இடுப்பில் ஒரு சிறு பையைக் கட்டிக்கொண்டு அதுவரை ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். அவர்தான் அந்தப் பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னர்.

ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச் வேறு, ஜிம்மில் எடை தூக்க வைப்பவர் வேறு. இவர் சுகாதாரத் துறை ஊழியர். காயம் வராமல் தடுப்பது, வந்தால் என்ன காயம் என்று கண்டறிவது, அவசரச் சிகிச்சை தருவது, தேறிய பிறகு படிப்படியாக ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்புவது, இந்த நான்கும் இவர் பொறுப்பு. 1950-ல் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் இவர்களுக்கான தேசியச் சங்கம் உருவானது. டெக்சஸ் 1971-லேயே உரிமம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. கலிபோர்னியா மட்டும் வெகுகாலம் அந்த வரிசைக்கு வெளியிலேயே நின்றது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றுக்கொண்டது 1990-ல். முன்பு இளங்கலைப் பட்டம் போதும். இப்போது இந்தத் தொழிலுக்குள் நுழைய முதுகலைப் படிப்பு வேண்டும். அதன்பின் தேசியத் தேர்வு, அதற்கு மேல் மாநில உரிமம். இவ்வளவும் முடித்தாலும் தனித்து இயங்க முடியாது. ஒரு மருத்துவரின் எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதலின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். எந்த நிலையில் என்ன செய்யலாம், எப்போது தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அந்த மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்.

பள்ளி முடியும் நேரத்தில்தான் இவருக்கு வேலை தொடங்குகிறது. மணி அடித்ததும் அவருடைய அறை வாசலில் வரிசை நிற்கும். ஒருத்திக்குக் கணுக்காலில் டேப் சுற்ற வேண்டும், ஒருவனுக்கு நேற்று வீங்கிய விரலைப் பார்க்க வேண்டும், இன்னொருவனுக்கு முழங்கால் அறுவைக்குப் பிந்தைய பயிற்சி. அரை மணி நேரத்துக்குள் இத்தனை பேரையும் அனுப்பியாக வேண்டும். ஏனென்றால் அதற்குள் நாலு இடங்களில் பயிற்சி தொடங்கிவிடும். இலையுதிர் காலம் என்றால் ஃபுட்பால் (ஹெல்மெட்டும் கவசமும் அணிந்து முட்டி மோதும் அமெரிக்க ஆட்டம்) ஒரு பக்கம், சாக்கர் ஒரு பக்கம், உள்ளரங்கில் கைப்பந்து, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் எங்கோ சாலையில். ஒரே ஆள் எங்கே நிற்பது? விபத்து வந்தால் மிக மோசமாக வரக்கூடிய இடத்துக்கு அருகில் நிற்பது வழக்கம். அதனால் பெரும்பாலும் ஃபுட்பால் மைதானம். கைப்பந்து ஆடும் பெண்ணின் முழங்கால் போன்மணி அடித்த பிறகுதான் இவர் கண்ணுக்கு வரும்.

டேப் சுற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேலையே அதுதான் என்று தோன்றும். முன்பே சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்காமல் இருக்க டேப் உதவும்தான். ஆனால் ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அது தளர்ந்துவிடுகிறது. கயிறு கட்டும் பிரேஸ் பல வேளைகளில் அதே பலனைத் தரும், வாங்கினால் சீசன் முழுக்க வரும். அப்புறம் ஏன் தினமும் உட்கார்ந்து சுற்றுகிறார்கள்? என் கணிப்பில், அந்த மேசையின் பெரிய பயன் வேறு. இரண்டு நிமிடம் ஒரு பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். கோச் பக்கத்தில் இல்லை, அப்பா அம்மா இல்லை. அப்போது பேச்சு வரும். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, நேற்று மோதியதிலிருந்து வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, எடையைக் குறைக்க மதியம் சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் எந்தப் படிவத்திலும் எழுத மாட்டார்கள். ஆட்டத்தை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார் என்று அஞ்சும் ஒருவரிடமே தங்கள் வலியைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் சிக்கல். தினமும் பார்த்துப் பழகிய முகமாக இருந்தால்தான் அந்த அச்சத்தைத் தாண்டி வாய் திறக்கும்.

மைதானத்தில் காயத்தைப் பார்க்கும்போது இவருக்கு ஒரு வசதி உண்டு. காயம் எப்படி நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார். முழங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசிஎல் என்னும் உள்ஜவ்வு கிழிந்த முதல் சில நிமிடங்களில் வீக்கம் ஏறியிருக்காது, தொடைத் தசைகளும் இறுகியிருக்காது. அந்த நேரத்தில் முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கெண்டைக்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தால் ஜவ்வு தடுத்து நிறுத்துகிறதா, இல்லையா என்று விரலுக்கே தெரிந்துவிடும். லாக்மன் சோதனை என்று இதற்குப் பெயர். மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது முழங்கால் வீங்கி, தசை விறைத்து, அதே சோதனை குழப்பமான பதிலைத் தரலாம். சாக்கர், கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு அதிகமாகக் கிழிகிறது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வதைச் சரிசெய்யும் பயிற்சிகள் அந்த அபாயத்தைக் குறைக்கும். பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள் என்று கோச்சிடம் கேட்பதும் இவர் வேலைதான். பல கோச்சுகள் அந்த நேரத்தை ஆட்ட நுணுக்கத்துக்கே வைத்துக்கொள்ள விரும்புவார்கள்.

கணுக்காலுக்கும் ஒரு கணக்கு உண்டு. கனடாவின் ஒட்டாவாவில் 1990-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் வகுத்த விதிகள் அவை. கணுக்காலின் இரு பக்கக் குமிழ் எலும்புகளின் பின்விளிம்பையும், பாதத்தில் இரண்டு குறிப்பிட்ட இடங்களையும் அழுத்திப் பார்க்க வேண்டும். நாலு அடி நடக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எலும்பில் வலியில்லை, நடக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவைப்படுவது அரிது. இந்த ஒரு சோதனை பல குடும்பங்களுக்கு அவசரப் பிரிவில் காத்திருக்கும் இரவையும் அதன் கட்டணத்தையும் மிச்சப்படுத்துகிறது. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணம் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

தலையில் அடிபடும் விஷயத்துக்கு வருவோம். சட்டம் இவருடைய கையை வலுப்படுத்திய இடம் அதுதான். 2006 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் இரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நடக்கவும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009 மே மாதம் லிஸ்டெட் சட்டம் வந்தது. கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்து அதன் வேலை தடுமாறும் நிலை, என்று சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். உரிமம் பெற்ற சுகாதார வல்லுநர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப விடக்கூடாது. பெற்றோரும் பிள்ளையும் ஆண்டுதோறும் இதுபற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். 2014-க்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

சட்டத்தில் உள்ள முக்கியச் சொல் ‘சந்தேகம்’. அந்தச் சந்தேகம் யாருக்கு வரும்? பயிற்சியில் நாற்பது பேரைக் கவனிக்கும் கோச்சுக்கு எளிதில் வராது. அடிபட்டவனோ சொல்ல மாட்டான். ஸ்கேன் எடுத்தாலும் கன்கஷன் பெரும்பாலும் அதில் தெரியாது. நடையில் சிறு தள்ளாட்டம், தவறான பக்கம் ஓடுவது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது என்று சின்னச் சின்ன அடையாளங்களில்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளை சாதாரணமாக எப்படி இருப்பான் என்று முன்பே தெரிந்திருப்பது அவசியம். பல பள்ளிகளில் சீசனுக்கு முன்பே நினைவாற்றல், எதிர்வினை வேகம், சமநிலை ஆகியவற்றை அளந்து பதிவு செய்து வைக்கிறார்கள். பின்னால் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முதல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவைத்தால், அடிபட்ட பிறகும் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியாது என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அனுபவப்பட்ட டிரெய்னர் அந்த முடிவுகளைப் பார்த்ததுமே கண்டுபிடித்து, திரும்ப எழுத வைப்பார்.

கன்கஷன் என்று முடிவானால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. இதில் பேரமே கிடையாது. ஆனால் சொல்லிவிட்டு வேறொரு பையனைப் பார்க்கத் திரும்பினால், அடிபட்டவன் நைசாக வரிசையில் போய் நின்றுவிடுவான். அதனால் பலர் செய்யும் காரியம், அவனுடைய ஹெல்மெட்டை வாங்கித் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது. ஹெல்மெட் இல்லாமல் இறங்க முடியாதே.

அதன்பின் ஆறு படிகள். அறிகுறிகளை அதிகப்படுத்தாத அன்றாட வேலைகள், லேசான சைக்கிள் அல்லது நடை, தனியாக ஆட்டப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, மோதலுடன் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இடையில் தலைவலி திரும்பினால் பின்வாங்க வேண்டும். மோதலுள்ள படிக்குப் போகும் முன் மருத்துவ அனுமதி வேண்டும். இத்தனைக்கும் நடுவில் வகுப்பறை இருக்கிறது. கணினித் திரையைப் பார்த்தால் தலை வலிக்கும் பிள்ளைக்குக் கணக்குத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் பேசுவதும் டிரெய்னர்தான் பல இடங்களில்.

ஆனால் கன்கஷனைவிட எனக்கு மிக முக்கியமாகப் படுவது வெப்பம். காரணம், வெப்பத்தாக்கில் ஒரு பிள்ளை இறப்பதும் பிழைப்பதும் அந்த முதல் அரை மணி நேரத்தில் அங்கே யார் இருக்கிறார், என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஃபுட்பால் பயிற்சி ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். கொளுத்தும் வெயில், கனமான ஹெல்மெட், தோள் கவசம், இரண்டு மாத விடுமுறையில் பழக்கம் விட்டுப்போன உடம்பு. முன்வரிசையில் மோதும் கனத்த உடம்புக்காரர்களுக்கு ஆபத்து மிக அதிகம். 2001 ஆகஸ்ட் 1-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் ஏற்பட்ட வெப்பத்தாக்கால் இறந்தார். தொழில்முறை வீரர், உலகின் பணக்கார விளையாட்டு அமைப்புகளில் ஒன்றின் முகாமில். அவர் பெயரில் 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பள்ளிகளுக்கான வெப்பப் பாதுகாப்பு விதிகளை மாநிலம் மாநிலமாக எடுத்துச் சென்றதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

சிகிச்சை என்னவோ வியக்கும் அளவுக்கு எளியது. உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பிள்ளை குழம்பிப் பேசினாலோ நினைவு தப்பினாலோ, உடனே பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கழுத்துவரை இறக்க வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 38.9 டிகிரிக்கு வந்ததும் எடுக்க வேண்டும். இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்துவிட்டாலும் குளிரவைத்து முடித்த பிறகே ஏற்ற வேண்டும்: முதலில் குளிர்ச்சி, அப்புறம் பயணம். மாசசூசெட்ஸில் நடக்கும் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேருக்கு இப்படிச் சிகிச்சை தந்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். தொட்டிக்கும் பெரிய செலவில்லை. பண்ணைக் கடைகளில் விற்கும், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத்தான் பல பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால் தார்ப்பாயை நாலு பேர் தொட்டில் போலத் தூக்கிப் பிடித்து, உள்ளே பிள்ளையைக் கிடத்திப் பனித் தண்ணீரை ஊற்றலாம்.

சிக்கல் வெப்பத்தை அளப்பதில் இருக்கிறது. கடுமையாக ஓடிய உடம்பில் வாய், காது, நெற்றி அளவுகளை நம்ப முடியாது; பல டிகிரி குறைத்துக் காட்டிவிடும். நம்பகமான அளவு மலக்குடல் வழியாக எடுப்பது மட்டுமே. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, பள்ளி வளாகத்தில். சில நிர்வாகங்கள் இந்த யோசனையைக் கேட்டதுமே கையை உதறிவிடுகின்றன. பெற்றோர் என்ன சொல்வார்களோ, வழக்கு வருமோ என்ற பயம். கூச்சம் நியாயமானது. ஆனால் தவறான அளவை நம்பி நிழலில் உட்காரவைத்த பிள்ளை இறந்துபோனால் எழும் கேள்விகள் அதைவிடக் கடுமையானவை. திரை கட்டி, கூடவே இன்னொரு பெரியவரை வைத்துக்கொண்டு செய்யலாம். பெற்றோரிடம் சீசன் தொடங்கும் முன்பே விளக்கிக் கையெழுத்து வாங்கலாம். அப்படிச் செய்யும் பள்ளிகளும் இருக்கின்றன.

தடுப்பு விதிகளும் அதேபோல எளிமையானவை. 2009-ல் தேசியச் சங்கம் முன்வைத்த 14 நாள் பழக்கப்படுத்தும் முறையில், முதல் ஐந்து நாள் ஒரு நாளைக்கு ஒரே பயிற்சி. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாளிலிருந்து தோள் கவசம், ஆறாம் நாளிலிருந்துதான் முழுக் கவசம். வெயிலை அளக்கச் சாதாரண வெப்பமானி போதாது. காற்றின் ஈரம், வெயிலின் நேரடிச் சூடு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கருவி தேவை. ஜார்ஜியா மாநிலம் 2012-ல் அந்தக் கருவியின் எண்ணைக் கொண்டு விதி வகுத்தது. அளவு 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியில் பயிற்சியே கூடாது. கோச்சுக்குத் தோன்றுவது, வானம் மேகமாக இருப்பது எதுவும் கணக்கில் வராது. டிரெய்னர்களுக்கு இது பெரிய நிம்மதி. “நான் நிறுத்தச் சொல்லவில்லை, இந்த எண் சொல்கிறது” என்று காட்டிவிடலாம்.

2008-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பள்ளி வீரர் ஒருவர் ஆகஸ்ட் மாதப் பயிற்சியில் சுருண்டு விழுந்து சில நாட்களில் இறந்தபோது, கோச் மீது குற்ற வழக்கே தொடரப்பட்டது. 2009-ல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அவரை விடுவித்தது. அந்த ஆண்டே கோச்சுகள் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதை அந்த மாநிலம் சட்டமாக்கியது. அதற்கு முன்பு வரை இந்தச் சாவுகளைத் தலைவிதி என்று சொல்லிக் கடந்துவிடுவதே நாடெங்கும் வழக்கமாக இருந்தது.

இதயம் நின்றுபோகும் நிலையை 2023 ஜனவரி 2 இரவு கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சின்சினாட்டியில் நடந்த தொழில்முறை ஃபுட்பால் ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பின் எழுந்து நின்று, அப்படியே சாய்ந்தார். முதலில் மார்பை அழுத்தி இதயத்துக்கு உயிர் கொடுத்தவர் அந்த அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன். துடிப்பின் ஒரு நுண்ணிய கணத்தில் மார்பில் அடி விழுந்தால் ஆரோக்கியமான இதயமும் தாளம் தவறி நின்றுவிடும். பேஸ்பால், லக்ராஸ் பந்துகளால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த ஆட்டத்தில் ஹாம்லினைச் சுற்றி ஒரு மருத்துவப் படையே இருந்தது. பள்ளி மைதானத்தில் கருவி அலுவலகச் சுவரில் தொங்கும். அலுவலகம் மாலை நாலு மணிக்குப் பூட்டிவிடும். ஆகவே டிரெய்னர் எழுதும் அவசரத் திட்டத்தில் மருத்துவ விஷயங்களைவிடச் சாவி விஷயங்கள் அதிகம் இருக்கும். ஒவ்வொரு மைதானத்துக்கும் தனித்தனியாக: ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், அந்த வாசலின் பூட்டைத் திறப்பது யார், தெருமுனையில் நின்று கை காட்டுவது யார், ஏஇடி எங்கே. இடுப்புப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கும். கழுத்து எலும்பில் அடி என்று சந்தேகம் வந்தால் ஹெல்மெட்டை அசைக்காமல் முகக் கம்பியை மட்டும் கழற்றி மூச்சுக்கு வழி செய்ய அது வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மல்யுத்தத்தில் எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த, சீசன் தொடக்கத்தில் உடல் கொழுப்பையும் சிறுநீரின் அடர்த்தியையும் அளந்து, அவர்கள் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்க வேண்டும். கொழுப்பு அளவில் பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கீழெல்லை. பேஸ்பாலில் பந்து எறிபவர் ஒரு நாளில் எத்தனை எறியலாம் என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் 2017 முதல் வரம்பு வைத்திருக்க வேண்டும். ஆனால் வார இறுதியில் தனியார் கிளப்புக்காக அதே தோள் எறிவதைப் பள்ளி டிரெய்னர் எண்ண முடியாது.

இனி அதிகாரம். மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே ஒரு வாக்கியம்: இன்றைக்கு நீ ஆட வேண்டாம். அதைச் சொல்வதற்கான அறிவு முதுகலைப் படிப்பில் கிடைத்துவிடும். சொன்ன பிறகு அது நிற்க வேண்டுமே? கோச் வெற்றி வேண்டும் என்பார். அப்பா, கல்லூரி உதவித்தொகைக்கு ஆள் பார்க்க வருபவர்கள் இன்றைக்குத்தான் வருகிறார்கள் என்பார். மறுநாள் காலையில் எங்கோ ஓர் அவசரச் சிகிச்சை மையத்தில், பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்த ஒருவரிடம் ‘ஆடலாம்’ என்று சீட்டு வாங்கி வருபவர்களும் உண்டு. இதற்கு நல்ல பள்ளிகளில் முன்கூட்டியே விதி இருக்கும். எந்த டாக்டர் சீட்டு கொடுத்தாலும் படிப்படியாகத் திரும்பும் முறையை டிரெய்னர் முடித்து வைத்தால்தான் ஆட்டம்.

டிரெய்னருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். சில மாவட்டங்களில் நேரடிப் பள்ளி ஊழியர். சில இடங்களில் பகலில் வகுப்பு எடுக்கும் ஆசிரியரே மாலையில் டிரெய்னர். வேறு சில இடங்களில் உள்ளூர் மருத்துவமனையோ பிசியோதெரபி மையமோ ஒப்பந்தத்தில் அனுப்பிவைக்கும். மருத்துவமனைக்கு இதில் லாபம், அடிபட்ட பிள்ளைகள் தன்னிடமே சிகிச்சைக்கு வருவார்கள் என்பது. இதில் உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனாலும், விளையாட்டுத் துறைத் தலைவரிடமோ தலைமைக் கோச்சிடமோ ஆண்டு மதிப்பீடு வாங்க வேண்டிய நிலையைவிட, மருத்துவரிடம் கணக்குக் கொடுக்கும் அமைப்பு நல்லது என்பது என் எண்ணம். கோச்சின் கீழ் வேலை செய்பவர் கோச்சின் முடிவை மறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண் பேச்சு. கல்லூரி விளையாட்டில் பெரிய கூட்டணிகள் 2016-ல் மருத்துவ முடிவுகளில் கோச் தலையிட முடியாது என்று விதியே கொண்டுவந்தன. பள்ளிகளுக்கு நாடு தழுவிய அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு மாநிலமும், சில வேளைகளில் ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் வைப்பதே சட்டம்.

சம்பளமும் ஈர்ப்பதாக இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கில் 2023-ல் அத்லெட்டிக் டிரெய்னர்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 டாலர். முதுகலைப் பட்டத்துக்கு வாங்கிய கடன், வெள்ளிக்கிழமை இரவுகள், சனிக்கிழமைப் போட்டிகள், ஆகஸ்ட் முழுக்க வெயில் எல்லாம் அதற்குள் அடக்கம். குடும்பம் என்று வந்தபின் மருத்துவமனை வேலைக்கோ தொழிற்சாலை வேலைக்கோ பலர் மாறிவிடுகிறார்கள். ஒரு பள்ளியில் டிரெய்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறினால், டேப் மேசையில் கிடைக்கும் அந்தப் பேச்சும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் கொடுத்துவைக்காத பள்ளிகள் நிறைய. 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி உயர்நிலைப் பள்ளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கே ஏதோ ஒரு வகையில் டிரெய்னர் கிடைக்கிறார். முழுநேரமாகக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கிராமப்புறப் பள்ளிகளுக்கும் ஏழைப் பகுதிகளுக்கும் கிடைப்பது இன்னும் குறைவு. ஹவாய் இதில் விதிவிலக்கு. அங்கே அரசுப் பள்ளிகளுக்கு மாநிலமே டிரெய்னர் நியமிக்கிறது. மற்ற இடங்களில் பட்ஜெட் கூட்டத்தில் அடிக்கடி வெட்டு விழும் வரி இது. ஏன் என்றும் புரிகிறது. நடக்காமல் போன சாவைக் கணக்கில் காட்ட முடியாது. அதைவிட வேடிக்கை, 2012-ல் குழந்தை மருத்துவர்கள் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட ஆய்வு ஒன்று பெண்களுக்கான சாக்கர், கூடைப்பந்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, டிரெய்னர் உள்ள பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டது. டிரெய்னர் உள்ள இடங்களில் மொத்தக் காயங்கள் குறைவு, ஒரே காயம் திரும்ப வருவதும் மிகக் குறைவு. ஆனால் பதிவான கன்கஷன் மட்டும் பல மடங்கு அதிகம். கண்டுபிடிக்க ஆள் இருந்தால் கண்டுபிடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். எண்ணை மட்டும் பார்க்கும் நிர்வாகிக்கு டிரெய்னர் வந்த பிறகு கன்கஷன் கூடியதாகத் தெரியும்.

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளி அணியில் சேர்க்கும் பெற்றோர்க்குச் சீசன் தொடக்கத்தில் ஒரு கூட்டம் நடத்துவார்கள். சீருடை, கட்டணம், பேருந்து நேரம் என்று அதில் நிறையப் பேசுவார்கள். பயிற்சி நேரத்திலும் டிரெய்னர் இருப்பாரா, அல்லது போட்டிகளுக்கு மட்டுமா? குளிர்த் தொட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஏஇடி இருக்கும் அறையின் சாவி மாலையில் யாரிடம் இருக்கும்? டிரெய்னர் வேண்டாம் என்று நிறுத்தினால் அதை மாற்றும் அதிகாரம் கோச்சுக்கு உண்டா? இந்த நாலையும் அங்கேயே எழுந்து கேட்டுவிடலாம். விடை தயாராக உள்ள பள்ளியில் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.